புனித தோமையார் உண்மையிலேயே சென்னைக்கு வந்தாரா? பரங்கிமலையின் நம்பிக்கையும் வரலாறும்

திருநீர்மலை படியேறி ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வெளியே வந்து நின்றால், காற்று வாங்கிக்கொண்டே விமானங்கள் இறங்குவதைப் பார்க்கலாம். குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம் ஓடுதளம், அதற்கும் அப்பால் வடகிழக்கில் பரங்கிமலை. இரண்டு மலைக்கும் நடுவில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான். இந்தப் பக்கம் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அந்தப் பக்கம், இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான புனித தோமையார் கொல்லப்பட்டதாக நம்பப்படும் இடம்.

"நம்பப்படும்" என்ற இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் ஒவ்வொரு வருஷமும் ஜூலை 3 வந்தால் வாட்ஸ்அப்பிலும் எக்ஸ் தளத்திலும் சண்டை. அன்றைக்குத்தான் தோமையார் திருநாள். "கி.பி. 52-லேயே கிறிஸ்தவம் இந்தியாவுக்கு வந்துவிட்டது, ரோமாபுரிக்கு முன்னாடியே நாங்க கிறிஸ்தவர்கள்" என்று ஒரு தரப்பு ஃபார்வர்ட் அனுப்பும். "தோமா என்று ஒருத்தர் இங்கே வரவே இல்லை, எல்லாம் போர்ச்சுகீசியர்கள் கட்டிய கதை" என்று இன்னொரு தரப்பு திருப்பி அனுப்பும். இரண்டையும் நம் குடும்ப குரூப்பிலேயே பார்த்திருப்பீர்கள்.

சரி, இதில் எது உண்மை? நேரடியாகச் சொன்னால், இரண்டு ஃபார்வர்டுமே ஆதாரம் அனுமதிக்கும் தூரத்தைத் தாண்டிப் பேசுகின்றன. எங்கே தாண்டுகின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சென்னையில் சொல்லப்படும் கதை என்ன?

பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த வடிவம் இதுதான். தோமையார் கி.பி. 52-ல் கேரளாவின் கொடுங்கல்லூர் பக்கம் கடல் வழியாக வந்து இறங்கினார். அங்கே 'ஏழரைப் பள்ளிகள்' என்று சொல்லப்படும் தேவாலயங்களை நிறுவினார். (அந்த அரைப்பள்ளி நம்ம தமிழ்நாட்டில்தான் இருக்கிறது, கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கோட்டில்.) பிறகு சோழமண்டலக் கரைக்கு வந்தார். சைதாப்பேட்டை சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார். பரங்கிமலையில் ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். ஆண்டு கி.பி. 72. உடல் மயிலாப்பூரில், இன்றைய சாந்தோம் பேராலயம் இருக்கும் இடத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

மெட்ரோவில் போனால் சின்னமலை என்று ஒரு நிலையம், பரங்கிமலை என்று ஒரு நிலையம். கதை நம் ஊர் வரைபடத்திலேயே பதிந்திருக்கிறது. ஆனால் வரைபடத்தில் பெயர் இருப்பதும் சம்பவம் நடந்ததற்குச் சான்று இருப்பதும் வேறு வேறு.

'52', '72' என்ற இந்த இரண்டு எண்களை முதலில் எடுத்துக்கொள்வோம். தோமையாரைப் பற்றிய பழைய நூல்கள் எதிலும் இந்த ஆண்டுகள் இல்லை. கேரள நஸ்ராணிகளின் 'ரம்பான் பாட்டு' போன்ற வாய்மொழி மரபுகளில்தான் இந்த விவரங்கள் வருகின்றன. அந்தப் பாட்டு எழுத்து வடிவம் பெற்றது 1601-ல் என்று அந்த மரபே சொல்கிறது. சம்பவத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் 1,500 வருஷத்துக்கு மேல் இடைவெளி. வாய்மொழி மரபு என்றாலே பொய் என்று அர்த்தம் இல்லை. ஆனால் தேதி சொல்வதற்கு அது நல்ல சாட்சியும் இல்லை.

அப்போ, பழைய ஆதாரம் எது?

'தோமாவின் பணிகள்' என்று ஒரு நூல். கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாக் மொழியில் எழுதப்பட்டது. எழுதப்பட்ட இடம் எதெஸ்ஸா, அதாவது இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் உள்ள ஷான்லிஉர்ஃபா நகரம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. பைபிளில் இது சேர்க்கப்படவில்லை.

கதை சுவாரசியமானது. சீடர்கள் எந்தெந்த நாட்டுக்கு யார் போவது என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. "நான் போக மாட்டேன்" என்று அடம்பிடிக்கிறார். உடனே இயேசுவே அவரை ஹப்பான் என்ற வணிகனிடம் அடிமையாக விற்றுவிடுகிறார்! தச்சு வேலை தெரிந்த அடிமை என்று. அந்த வணிகன் அவரைக் குந்தஃபர் என்ற மன்னரிடம் கொண்டுபோகிறான். அரண்மனை கட்டச் சொல்லி மன்னர் கொடுத்த பணத்தை எல்லாம் தோமா ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். "அரண்மனை எங்கே?" என்று கேட்டால், "சொர்க்கத்தில் கட்டியிருக்கிறேன், இப்போ பார்க்க முடியாது" என்கிறார்.

பேசும் கழுதை, பேசும் பாம்பு எல்லாம் வரும் இந்த நூலை 19ஆம் நூற்றாண்டு வரை பலரும் முழுக் கற்பனை என்றுதான் ஒதுக்கி வைத்திருந்தார்கள். குந்தஃபர் என்று ஒரு மன்னர் இருந்ததற்கு வேறு எந்தக் குறிப்பும் இல்லாமல் இருந்தது.

பிறகுதான் திருப்பம். 1830-களில் ஆப்கானிஸ்தான் பகுதியில் பழைய நாணயங்களைச் சேகரித்தபோது, அவற்றில் கொண்டோஃபரஸ் என்ற மன்னரின் பெயர் கிடைத்தது. பெஷாவர் அருகே தக்த்-இ-பாஹியில் அவர் பெயரோடு ஒரு கல்வெட்டும் கிடைத்தது. பொதுவாக ஏற்கப்படும் கணக்குப்படி அவர் ஆட்சி கி.பி. 20 வாக்கில் தொடங்கி 46-க்கும் அப்பால் நீள்கிறது. அதாவது தோமையார் வாழ்ந்திருக்கக்கூடிய அதே காலம். உலகமே மறந்துபோன ஒரு மன்னரின் பெயரை அந்தக் 'கற்பனை' நூல் சரியாக வைத்திருந்தது.

இங்கேதான் நிதானம் வேண்டும். மன்னர் உண்மை என்பதால் கதையும் உண்மை ஆகிவிடாது. 'பொன்னியின் செல்வன்' நாவலில் ராஜராஜன் வருகிறார், அவர் உண்மை, நந்தினி கற்பனை. வணிகர்கள் வழியாக ஒரு மன்னரின் பெயர் எதெஸ்ஸா வரை போயிருக்கலாம், எழுத்தாளர் அதை எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாம். அல்லது தோமா உண்மையிலேயே அங்கே போன நினைவு பெயரோடு தங்கியிருக்கலாம். இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு.

இன்னொரு விஷயம், சென்னைக்காரர்களுக்கு இதுதான் முக்கியம். குந்தஃபரின் ராஜ்யம் இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதி. சென்னை அல்ல. நூலின் பிற்பாதியில் தோமா வேறொரு ராஜ்யத்துக்குப் போகிறார். அங்கே மன்னர் பெயர் மஸ்தாய். அது 'மகாதேவன்' என்பதன் திரிபு என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அது பாரசீகப் பெயர் மாதிரிதான் ஒலிக்கிறது. மயிலாப்பூர் என்றோ, தமிழகத்தை அடையாளம் காட்டும் வேறு ஊர்ப் பெயரோ அந்த நூலில் இல்லை. இதோடு, அந்தக் காலத்து கிரேக்க, சிரிய எழுத்தாளர்கள் 'இந்தியா' என்று எழுதினால் அது தெற்கு அரேபியாவாகவும் இருக்கலாம், எத்தியோப்பியாவாகவும் இருக்கலாம். நம்ம இந்தியாவாகவும் இருக்கலாம்.

யார் கொன்றது? இங்கேதான் சிக்கல்

சமூக வலைதளச் சண்டையில் அதிகம் சூடேறுவது இந்த இடத்தில்தான். "தோமையாரைக் கொன்றது ஒரு பிராமணர்" என்று ஒரு வடிவம் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதைக் கேட்டுக் கோபப்படுபவர்களும் உண்டு, அதையே அரசியலுக்குப் பயன்படுத்துபவர்களும் உண்டு.

பழைய நூலைத் திறந்து பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. 'தோமாவின் பணிகள்' சொல்வது வேறு. அரசியும் அரச குடும்பத்துப் பெண்களும் தோமாவின் பேச்சைக் கேட்டு இல்லற வாழ்க்கையை விட்டு விலகுகிறார்கள். மன்னருக்குக் கோபம். நான்கு வீரர்களை அனுப்பி, ஊருக்கு வெளியே மலையில் ஈட்டியால் குத்திக் கொல்லச் சொல்கிறார். அவ்வளவுதான்.

1292, 1293 வாக்கில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ எழுதுவது இன்னும் வேறு மாதிரி. அவர் கேட்ட கதையில் கொலையே இல்லை. தோமா காட்டில் ஜெபித்துக்கொண்டிருக்கிறார், சுற்றிலும் மயில்கள். ஒரு வேட்டைக்காரர் மயிலுக்குக் குறிவைத்து விட்ட அம்பு தவறி அவர் மேல் பட்டுவிடுகிறது. விபத்து! மயிலாப்பூர் என்ற பெயருக்கும் இந்த மயில்களுக்கும் தொடர்பு இருக்குமோ என்று யோசிக்கத் தோன்றும். மார்கோ போலோ ஊர்ப் பெயரையே எழுதவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

பூசாரிகளோ பிராமணரோ கொன்றதாகச் சொல்லும் வடிவங்கள் பிற்காலத்தவை. போர்ச்சுகீசியர் காலத்தில் எழுத்தில் ஏறியவை. அதாவது ஒரே மரணத்துக்கு மூன்று கதை. பழையதில் மன்னரின் ஆணை, நடுவில் விபத்து, கடைசியில் மத விரோதம். யாரும் நேரில் பார்த்து எழுதியது இல்லை. இப்படிப்பட்ட நிலையில் 1,900 வருஷத்துக்கு முந்தைய ஒரு கொலைப் பழியை இன்றைக்கு ஒரு சமூகத்தின் தலையில் வைப்பதற்கு எந்த வரலாற்று அடிப்படையும் கிடையாது.

உடல் எங்கே இருக்கிறது?

இதுவும் குழப்பமான கேள்விதான். 373-ல் இறந்த சிரியக் கவிஞர் எப்ரேம், தோமையாரின் எலும்புகளை ஒரு வணிகர் இந்தியாவிலிருந்து எதெஸ்ஸாவுக்குக் கொண்டுவந்ததாகப் பாடியிருக்கிறார். 380-களில் எகேரியா என்ற பெண் யாத்ரீகர் எதெஸ்ஸாவில் தோமையார் சமாதியில் ஜெபித்ததை எழுதியிருக்கிறார். பிறகு அந்த எலும்புகள் கிரேக்கத் தீவான கியோசுக்குப் போய், அங்கிருந்து 1258-ல் இத்தாலியின் ஓர்த்தோனா நகருக்குக் கொண்டுபோகப்பட்டன. இன்றும் அங்கே ஒரு பேராலயத்தில் வைத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் 1523 வாக்கில் மயிலாப்பூரில் போர்ச்சுகீசியர்கள் தோண்டி எடுத்த எலும்புகள் யாருடையவை? கூடவே ஒரு ஈட்டி முனையும், மண் நிரம்பிய ஒரு பாத்திரமும் கிடைத்ததாகச் சொன்னார்கள். கதையில் வருவது அப்படியே கிடைத்திருக்கிறது. ஒரு பகுதி எலும்பு மட்டும்தான் எதெஸ்ஸா போனது, மீதி இங்கேயே இருந்தது என்பது நம்பிக்கையாளர்களின் விளக்கம். இருக்கலாம். ஆனால் வரலாற்று மாணவர் ஒருவர் இங்கே கவனிக்க வேண்டியது, தோண்டியவர்கள் யார் என்பது. தோமையாரின் கல்லறையைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று வந்தவர்கள்தான் தோண்டினார்கள். அதைப் பற்றிய சாட்சியங்கள் முறையாகப் பதிவானதும் பத்து வருஷம் கழித்து, 1533-ல் நடந்த விசாரணையில்தான். இன்றைய தொல்லியல் துறை ஏற்கும் அகழாய்வு அது கிடையாது.

"எல்லாம் போர்ச்சுகீசியர் கட்டுக்கதை" - இது சரியா?

இதுவும் சரியில்லை. இதை மறுக்க கிறிஸ்தவ நம்பிக்கை எதுவும் தேவையில்லை, தேதிகள் போதும்.

வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498-ல். அதற்கு 200 வருஷத்துக்கு முன்பே மார்கோ போலோ, மாபார் கரையில் ஒரு சின்ன ஊரில் தோமையாரின் சமாதி இருக்கிறது, கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரை வருகிறார்கள், அங்கிருந்து சிவப்பு மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்று எழுதிவிட்டார். அதே சமயத்தில் சீனாவுக்குப் போகும் வழியில் மான்டேகொர்வினோ ஜான் என்ற துறவி 'புனித தோமாவின் ஆலயம்' இருந்த இடத்தில் 13 மாதம் தங்கியிருக்கிறார். அவரோடு வந்த நிக்கோலாஸ் என்ற துறவி இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார்.

1504-ல் கேரளாவில் இருந்த சிரியன் ஆயர்கள் தங்கள் தலைமைக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. கடலோர நகரமான மயிலாப்பூரில் தோமையாரின் ஆலயத்தில் மறுபடியும் கிறிஸ்தவர்கள் குடியேறிப் பழுதுபார்க்கிறார்கள் என்று அதில் வருகிறது. போர்ச்சுகீசியர்கள் மயிலாப்பூர் சமாதியைத் தேடி வந்தது அதற்குப் பிறகு, 1517-ல்.

எனக்கு இந்த ஆவணங்களிலேயே ரொம்பப் பிடித்தது துவார்த்தே பார்போசா என்ற போர்ச்சுகீசியர் எழுதியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஆலயம் இடிந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டது ஓர் ஏழை முஸ்லிம். யாசகம் வாங்கி, அந்தக் காசில் சமாதியில் விளக்கு எரிய வைத்துக்கொண்டிருந்தாராம். இந்து ராஜ்யமான விஜயநகரத்தின் மண்ணில், கிறிஸ்தவ சமாதிக்கு, ஒரு முஸ்லிம் ஏற்றிய விளக்கு.

ஆக, போர்ச்சுகீசியர்கள் கதையை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு மரபைப் பிடித்துக்கொண்டு, அதைப் பெரிதாக்கி, தங்கள் அதிகாரத்தோடு இணைத்தார்கள். 'சான் தோமே' என்று ஒரு குடியேற்றத்தையே கட்டினார்கள். சாந்தோம் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். 1606-ல் அது தனி மறைமாவட்டம் ஆனது. இன்று நாம் பார்க்கும் வெள்ளைக் கோபுரப் பேராலயம் 1896-ல் கட்டி முடிக்கப்பட்டது.

பரங்கிமலைச் சிலுவை என்ன சொல்கிறது?

சென்னையில் இந்தக் கேள்விக்குக் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று ஒன்று உண்டு என்றால் அது இதுதான். 1547-ல் பரங்கிமலை உச்சியில் ஆலயம் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. இன்றும் அந்த ஆலயப் பீடத்தில் பதித்து வைத்திருக்கிறார்கள். சிலுவையைச் சுற்றி எழுத்துகள். 1558 டிசம்பர் 18-ல் தொடங்கி 1704 வரை இது ரத்தம் வியர்த்ததாக நம்பிக்கை உண்டு. அதனால் 'ரத்தம் சிந்தும் சிலுவை' என்றும் பெயர். தோமையாரே தன் கையால் செதுக்கியது என்பது மரபு.

அந்த எழுத்துகளைப் படிக்க 16ஆம் நூற்றாண்டில் உள்ளூர்ப் பண்டிதர் ஒருவரை அழைத்தார்கள். அவர் ஒவ்வொரு குறிக்கும் நீளமான பொருள் சொல்லி, அதில் தோமையாரின் கதை முழுவதும் எழுதியிருப்பதாகச் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் எதை எதிர்பார்த்தார்களோ அது கிடைத்தது!

உண்மையில் அது பஹ்லவி, அதாவது பழைய பாரசீக எழுத்து. 1873-ல் பர்னெல் என்ற அறிஞர்தான் இதை அடையாளம் காட்டினார். அதன் பிறகு பலரும் படித்திருக்கிறார்கள், வாசிப்புகளில் வேறுபாடு உண்டு. ஆனால் இன்று பரவலாக ஏற்கப்படும் சாரம், "ஆண்டவர் கிறிஸ்துவே, இன்னாருடைய மகனான இன்னார் மேல் இரக்கம் வையும்" என்கிற மாதிரியான ஒரு சின்ன வேண்டுதல்தான். பாரசீகப் பெயர் கொண்ட ஒரு பக்தர் தனக்காக எழுதி வைத்தது. எழுத்தின் வடிவத்தை வைத்துப் பார்த்தால் காலம் 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள். தோமையார் பெயரே அதில் இல்லை.

இது ஏமாற்றமாகத் தெரியலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பல்லவர் காலத்தில், பாரசீக வணிகர்களோ துறவிகளோ பரங்கிமலையில் சிலுவை நட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள் என்றுதானே இந்தக் கல் சொல்கிறது? ஐரோப்பியர் வருவதற்குக் குறைந்தது 600 வருஷம் முன்னாடி. இதே மாதிரிச் சிலுவைகள் கேரளாவில் கோட்டயம், கடமற்றம் போன்ற ஊர்களிலும் இருக்கின்றன. கேரளாவில் தேதியோடு கிடைத்த தரிசாப்பள்ளிச் செப்பேடு கி.பி. 849-ஐச் சேர்ந்தது. கொல்லத்தில் இருந்த ஒரு தேவாலயத்துக்குக் கொடுத்த உரிமைகளை வட்டெழுத்தில் எழுதி, பஹ்லவி, அரபி, எபிரேய எழுத்துகளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால், 6ஆம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்ற கிரேக்க வணிகர் மலபாரிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருந்ததாக எழுதியிருக்கிறார். அவர்களுடைய குருமார் பாரசீகத்திலிருந்து வந்ததையும் குறிப்பிடுகிறார். தோமையார் வந்ததாகவோ மயிலாப்பூரில் சமாதி இருப்பதாகவோ அவர் சொல்லவில்லை. அதே நூற்றாண்டில் பிரான்சில் இருந்த கிரகோரி என்ற ஆயர், இந்தியாவில் தோமையாரின் உடல் முதலில் இருந்த இடத்தில் ஒரு பெரிய ஆலயம் இருப்பதாக, அங்கே போய் வந்தவர் சொன்னதைக் கேட்டு எழுதினார். அதில் ஊர்ப் பெயர் இல்லை.

'வந்திருக்க முடியுமா?' வேறு, 'வந்தாரா?' வேறு

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். முடியும். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து பருவக்காற்றைப் பிடித்து முசிறிக்கு வருவது வழக்கமான வணிகப் பயணம். நம் ஊரில் கிடைக்கும் ரோமானியக் காசுகளும், புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய மது ஜாடித் துண்டுகளும் அதற்குச் சாட்சி. ஒரு கப்பலில் ஒரு யூதர் ஏறி வந்தார் என்பதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு, தோமையார் என்ற தனி மனிதர் இங்கே வந்தார் என்று நிரூபிக்கும் முதல் நூற்றாண்டுச் சான்று எதுவும் இல்லை. வரவே இல்லை என்று நிரூபிக்கவும் வழி இல்லை. 'இந்தியாவில் கிறிஸ்தவத்தின் வரலாறு' எழுதிய ஸ்டீபன் நீல் ஓர் ஆயர். தென்னிந்தியாவிலேயே வாழ்ந்து பணியாற்றியவர். அவரே இதை உறுதியான வரலாறாக எடுத்துக்கொள்ளாமல், சாத்தியம் என்ற அளவில்தான் வைத்தார்.

வத்திக்கானே இதில் சறுக்கியிருக்கிறது. 2006 செப்டம்பரில் போப் 16ஆம் பெனடிக்ட், தோமையார் மேற்கு இந்தியா வரை சென்றார், அங்கிருந்து கிறிஸ்தவம் தென்னிந்தியாவை அடைந்தது என்ற பொருளில் பேசிவிட்டார். அப்படியென்றால் தோமையார் கேரளாவுக்கோ சென்னைக்கோ வரவில்லையா என்று இங்கே பெரிய சலசலப்பு. பிறகு அதிகாரபூர்வ உரையில் தோமையாரே தென்னிந்தியாவை அடைந்தார் என்று வாக்கியம் மாற்றப்பட்டது. அதற்கு 20 வருஷம் முன்பு, 1986 பிப்ரவரியில், போப் 2ஆம் ஜான் பால் நேரிலேயே சாந்தோமுக்கும் பரங்கிமலைக்கும் வந்து ஜெபித்துவிட்டுப் போயிருக்கிறார்.

அரசும் இதில் ஒரு பக்கம் நின்றிருக்கிறது. 1964-லும் 1973-லும் தோமையாருக்கு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. குடியரசுத் தலைவராக இருந்த ராஜேந்திர பிரசாத் 1955-ல் டெல்லியில், ஐரோப்பாவின் பல நாடுகள் கிறிஸ்தவத்துக்கு மாறும் முன்பே தோமையார் இந்தியா வந்தார் என்று பேசினார். தபால்தலையும் மேடைப் பேச்சும் மரியாதை. ஆதாரம் இல்லை.

வள்ளுவரையும் இழுத்த கதை

ஆதாரம் இல்லாத இடத்தை ஆசை நிரப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. தோமையாரும் மயிலாப்பூர், வள்ளுவரும் மயிலாப்பூர் என்பதால் இருவரும் சந்தித்திருக்கலாம் என்று ஒரு பேச்சு. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1886-ல் வெளியிட்ட ஜி.யு.போப்பே வள்ளுவருக்குக் கிறிஸ்தவக் கருத்துகள் தெரிந்திருக்கலாம் என்று ஊகித்தார். 1969-ல் 'திருவள்ளுவர் கிறித்தவரா?' என்று புத்தகமே வந்தது. தமிழறிஞர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. தமிழ்நாடு அரசின் திருவள்ளுவர் ஆண்டுக் கணக்குப்படி வள்ளுவர் பிறந்தது கி.மு. 31. அப்படிப் பார்த்தால் தோமையார் கி.பி. 52-ல் வந்து இறங்கும்போது வள்ளுவருக்கு வயது 82!

விஷயம் இதோடு நிற்கவில்லை. 1970-களில், இருவரும் சந்தித்ததற்குப் பழைய ஆவணம் இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, அதைத் தேடித் தரச் சொல்லி பல லட்சம் ரூபாய் கைமாறியது. கொடுக்கப்பட்ட ஆவணங்கள் போலி. வழக்கு மெட்ராஸ் நீதிமன்றத்தில் நடந்து, 1980-களில் தண்டனையும் விதிக்கப்பட்டது.

கோயிலை இடித்தார்கள் என்பது?

சாந்தோம் இருக்கும் இடத்தில்தான் பழைய கபாலீஸ்வரர் கோயில் இருந்தது, போர்ச்சுகீசியர் அதை இடித்தார்கள் என்பது இன்னொரு தரப்பின் வாதம். 1991-ல் ஈஸ்வர் சரண் எழுதிய நூலுக்குப் பிறகு இது பரவலாகப் பேசப்படுகிறது. சம்பந்தரின் மயிலைப் பதிகத்தில் கடல் அலை ஊரைத் தொடுவது வருகிறது, இன்றைய கோயிலோ கடலைவிட்டு உள்ளே தள்ளி, சில நூற்றாண்டு பழமையான கட்டடமாகத்தான் இருக்கிறது. சாந்தோம் வளாகத்தில் சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. அதனால் பழைய கோயில் கடலோரத்தில் இருந்திருக்கலாம் என்பது பொருட்படுத்த வேண்டிய வாதம். போர்ச்சுகீசியர் கோவாவில் கோயில்களை இடித்தது பதிவான வரலாறு.

ஆனால் இந்தக் கேள்வியும் 'தோமையார் வந்தாரா' என்ற கேள்வியும் ஒன்றல்ல. கோயில் இடிக்கப்பட்டது உண்மை என்று நாளைக்கே நிரூபணமானாலும், மார்கோ போலோ பார்த்த சமாதி இல்லாமல் போய்விடாது. தோமையார் வரவில்லை என்று ஆனாலும், 16ஆம் நூற்றாண்டில் கடற்கரையில் என்ன நடந்தது என்ற கேள்வி தீர்ந்துவிடாது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசுவதால்தான் விவாதம் எங்கேயும் நகர்வதில்லை. பெயரிலேயே சண்டை இருக்கிறது. 'பரங்கி' என்றால் ஐரோப்பியர், அதனால் பரங்கிமலை என்பது பொதுவான விளக்கம். இல்லை, பிருங்கி முனிவர் தவம் செய்த 'பிருங்கிமலை' என்பது ஆதம்பாக்கம் நந்தீஸ்வரர் கோயில் வழி வரும் மரபு.

இதே அளவுகோல் திருநீர்மலைக்கும் உண்டு

ஒரு மதத்தை மட்டும் இப்படிக் கேள்வி கேட்கிறீர்களே என்று சிலர் கேட்கலாம். நியாயம். திருநீர்மலைக்கே வருவோம். வால்மீகிக்குப் பெருமாள் இங்கே காட்சி கொடுத்தார் என்பது தல புராணம். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் ஆறு மாசம் காத்திருந்து சேவித்தார் என்பது மரபு. ஆழ்வார் இந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார் என்பது வரலாறு. அதனால் சுமார் 8ஆம் நூற்றாண்டிலேயே இது வைணவத் தலமாக இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். வால்மீகியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதனால் படியேறுகிறவர்கள் யாரும் குறைந்துபோகவில்லை.

இயேசுவுக்கும் இதே கதைதான். அப்படி ஒருவர் வாழ்ந்தார், பிலாத்து காலத்தில் சிலுவையில் அறையப்பட்டார் என்பதை மதச்சார்பற்ற ஆய்வாளர்களும் ஏற்கிறார்கள். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எழுதியிருக்கிறார். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-ல் இஸ்ரேலின் கடலோரத்தில் கிடைத்தது. மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதைத் தொல்லியலால் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அந்த உயிர்த்தெழுதலையே "காயத்தில் விரலை வைத்துப் பார்த்தால்தான் நம்புவேன்" என்ற பொருளில் கேட்டவர் என்று யோவான் நற்செய்தி சொல்லும் சீடர்தான், இந்தத் தோமா.

பரங்கிமலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். அர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த படிக்கட்டு வழியாகவே ஏறலாம், வண்டிப் பாதையும் உண்டு. உச்சி சுமார் 300 அடி உயரம். ஆலயத்துக்குள் பீடத்தில் அந்தப் பஹ்லவிச் சிலுவையைப் பார்க்கலாம். 1802-ல் இந்தியாவையே அளக்கும் பணியை வில்லியம் லாம்ப்டன் தொடங்கியதும் இந்த மலை அடிவாரத்துச் சமவெளியில்தான். திரும்பி வரும்போது பல்லாவரம் வழியாக வந்தால், 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ஊரையும் கடந்து வருவீர்கள்.